ஆளில்லாத் தீவில் எடுத்த படம்

போர்க்காலத்தில் கொழும்புத் தமிழன் ஒருவன் பதுங்குகுழி வாசலில் சிரித்தபடி நின்று படமெடுத்துக்கொள்வானா? நான் எடுத்தேன்.

யப்பானில் இருக்கும் மச்சானிடம் போய், அவனோடு ஆளில்லாத் தீவொன்றின் காட்டுப்பாதையில், பழைய இராணுவ இடிபாடுகளைப் பார்த்து நடந்தபோது எடுத்தது. ஊர் திரும்பி, கழுவிய படங்களோடு வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் அகப்பட்டேன்.

“இது எந்த ஆமிக் காம்ப்?” சிப்பாய் சிங்களத்தில் கேட்டார்.

“யப்பான் தீவு, சேர். அங்கே ஒருவரும் இல்லை.”

“அப்ப ஏன் போனாய்?”

“சும்மா நடக்க.”

அவர் நம்பவில்லை. செய்தி கேள்விப்பட்டு மனைவி என் பாஸ்போர்ட்டோடு ஓடிவந்து யப்பான் முத்திரையைக் காட்டிய பிறகே விட்டார்கள்.

படங்களை எரிக்கச் சொன்னார்கள் உறவினர்கள். நான் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினேன். இப்போது தினமும் மாலையில் அந்தச் சாவடியைத் தாண்டி, காரணமேயில்லாமல் நடக்கிறேன்.

“நீரும் வாருமன்” என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

“உங்களை மீட்க ஆராவது வீட்டில நிக்கவேணும்.”