யார் கொடுத்த அதிகாரம்

கறிக்கடை அக்காவுக்கு வாய் பேசுமுன் கை பேசிவிடும். எலும்பை ஒரே வெட்டில் துண்டாக்குகிற கை. அந்தக் கையால் ஒருமுறை தம்பி பெண்டாட்டியை அறைந்தாள். சுருண்டு விழுந்த பிறகும் உதைத்தாள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டாளாம், அவ்வளவுதான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது.

தம்பி லாரி ஷெட்டில் மெக்கானிக். டீசல் திருடினான் என்று முதலாளி அவனைத் தூணில் கட்டிவைத்து ஸ்பேனரால் அடித்தான். முதல் அடியிலேயே முழங்கால் நொறுங்கியது. “நான் எடுக்கலைங்க” என்று கத்தக் கத்த அடித்தான், சத்தம் நின்ற பிறகும் அடித்தான். ஷெட்டில் ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. லாரியிலிருந்து விழுந்து செத்தான் என்று போலீஸ் கேஸை ஊற்றி மூடியது. பாவிகள்!

அக்கா வக்கீலிடம் ஓடினாள்.

“செத்தவர் சார்பா வழக்குப் போட அவர் மனைவிக்குத்தாம்மா அதிகாரம். அவங்க கோர்ட்ல சம்மதிச்சா உங்களை நியமிக்கலாம்.”

“கூடப் பிறந்தவ நான். நேத்து வந்தவ சம்மதிக்கணுமா?”

“சட்டம் அப்படி.”

பல்லைக் கடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். முதலாளியின் ஆட்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தம்பி பெண்டாட்டியின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான்.

“கேஸு கீஸுன்னு போனே, உனக்கும் அதே ஸ்பேனர்தான்!”

அக்கா வாணலியை எடுத்து அவன் தாடையில் ஒரு போடு போட்டாள். பல் தெறித்தது. இன்னொருவன் அவள் தோளில் கத்தியை இறக்கினான். குத்திய கத்தியோடே அவனைத் தெருவரை தள்ளிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து, ரத்தம் வழிய, “சம்மதம் சொல்லுடி” என்றாள்.

“அந்த முதலாளியும் நீங்களும் ஒண்ணுதான்” என்றாள் அவள், நெற்றியைத் துடைத்தபடி. “அதைக் கோர்ட்ல வந்து சொல்லு” என்று அக்கா தோளைப் பொத்திக்கொண்டு படியிறங்கினாள்.

கோர்ட்டில் முதலாளி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சம்மதமா என்று நீதிபதி கேட்டார். தம்பி பெண்டாட்டி அக்காவையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். இவள் மாட்டேன் என்றுவிட்டால் தம்பிக்காகக் கேட்க நாதியில்லை.

“இவங்க என்னை அடிச்சதை நான் மன்னிக்க மாட்டேங்க” என்றாள் அவள். முதலாளி சிரித்தான். “ஆனா இந்த முதலாளியைப் பார்த்தாலே எனக்குக் கைகால் நடுங்குது. இவங்க கை எப்படி விழும்னு பட்டுத் தெரிஞ்சவ நான். அதிகாரத்தை இவங்களுக்கே கொடுங்க.”

முதலாளியின் சிரிப்பு நின்றது. கறிக்கடை அக்கா வெட்கத்தில் தலை கவிழ்ந்து, எல்லார் முன்னாலும் உடைந்து அழுதாள்.