இன்சுலின் குறைந்த வாரம்

முதலில் வந்தது தாகம். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் (பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்) எனக்கு வேலை. பிள்ளைகளுக்குப் பால் கரைக்க ஆற வைத்த தண்ணீரை நானே குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குத் தாகம் எடுக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். அப்போது எனக்கு ஆறாம் மாதம். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துத் தங்கிய கரு.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில், கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் எங்கள் தோட்டம். தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) நீல நிற மருந்தில் என் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சிப் பார்த்தார். சர்க்கரை இல்லையென்றால் அது நீலமாகவே இருக்கும். சர்க்கரை கூடக்கூடப் பச்சையாகும், மஞ்சளாகும். என்னுடையது செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

“லெட்சுமி, இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடும்மா” என்றார்.

என் கணவர் சுப்பையா செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து என்னை அழைத்துப் போனார். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று ஒரே ஒரு மாற்றுச் சேலை எடுத்துக்கொண்டேன். எட்டு வாரத்துக்கும் மேல் அங்கே இருந்தேன்.

எனக்கு வந்திருந்தது கர்ப்பகால நீரிழிவு. கரு வளர வளர, உடம்பில் சுரக்கும் இன்சுலின் (இரத்தத்தில் உள்ள சர்க்கரையை உடம்புக்குள் சேர்க்கும் சுரப்பு) சில பெண்களுக்குப் போதாமல் போகும். அதை வெளியிலிருந்து ஊசியில் ஏற்ற வேண்டும்.

முதல் பத்து நாளும் எனக்குப் போட்டது தெளிந்த மருந்து. பார்க்கத் தண்ணீர் போல இருக்கும். அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் இரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப மருந்தின் அளவு. காலையில் ஏறியிருந்தால் நிறையப் போடுவார்கள், மத்தியானம் இறங்கிவிடும். இறங்கியதே என்று குறைப்பார்கள், மாலையில் மறுபடி ஏறிவிடும். நான் சரியாகச் சாப்பிடவில்லையோ, திருட்டுத்தனமாகத் தின்றேனோ என்று எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.

எங்கள் வார்டு டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்மணி. தகப்பனார் தோட்டத்துக் கிராணியாக (எழுத்தராக) இருந்தவராம். ஒருநாள் என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: “பிள்ளை, இது நெருப்புப் பத்தின பிறகு ஓடி ஓடித் தண்ணி ஊத்துற மாதிரி. இனி மருந்தை மாத்துவம். நாள் முழுக்க மெதுவா வேலை செய்யிற ஒண்டை அடியில போட்டுவிட்டு, இதைக் கொஞ்சமாச் சேர்ப்பம்.”

அந்த இரண்டாவது மருந்து கலங்கலாக இருக்கும், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. மிஸ்ஸி (தாதி) குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டி, அடியில் தங்கியது கலந்த பிறகுதான் ஊசியில் ஏற்றுவார். காலையும் மாலையும் அது. கூடவே தெளிந்த மருந்து கொஞ்சம். நான்கே நாளில் என் சர்க்கரை படுத்துக்கொண்டது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஹாஜிரா அக்கா. வீட்டுக்காரருக்குக் கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக்கடை. ஐந்து பிள்ளைக்குப் பிறகு இது ஆறாவது. அவருக்கு முன்பே நீரிழிவு இருந்தது. அந்தக் காலத்தில் இன்சுலினைப் பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோதான் எடுத்தார்கள். தனக்கு மாட்டு மருந்துதான் என்று மிஸ்ஸியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் கையை நீட்டினார். எனக்கும் அதே குப்பிதான் என்று பிறகு தெரிந்தது. நான் மாட்டிறைச்சி தொடாதவள். ஆனாலும் கையை நீட்டினேன். பிள்ளை பிழைத்தால் போதும்.

முப்பத்தைந்தாம் வாரம் டாக்டர் என் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். “இந்தக் கிழமை (வாரம்) முழுக்க இப்பிடியே இருந்தால், ரெண்டு நாள் வீட்டுக்கு விடுறன். போயிட்டு வந்து பிறகு பிள்ளை பெறலாம்.”

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த கணவரிடம் சொன்னேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டதாக அவர் சொன்னார்.

மறுநாள் பதினொரு மணிவாக்கில் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்த்தது. கட்டில் கம்பி இரண்டாகத் தெரிந்தது. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் வரும் நடுக்கம் அது. வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் சொல்லவில்லை. தலையணைக்கு அடியில் இருந்த பிஸ்கட்டில் நாலைந்தைத் தின்றேன். நடுக்கம் நின்றது. சாப்பாட்டுக்கு முன் இரத்தம் எடுத்தபோது அளவு அழகாக இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் வந்தது. புதன்கிழமை இரண்டு தடவை வந்தது. ஹாஜிரா அக்கா பார்த்துவிட்டார்.

“என்னம்மா இது? மிஸ்ஸிகிட்ட சொல்லுலா.”

“சொன்னா வீட்டுக்கு விடமாட்டாங்கக்கா.”

“வீடு எங்கயும் ஓடிப் போகாது லெட்சுமி.”

“மருந்து நல்லா வேல செய்யுதுக்கா, அதான் எறங்குது. வேற ஒன்னும் இல்ல.”

உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். சர்க்கரை இறங்குவது நல்லது என்றுதானே அத்தனை வாரமும் சொல்லியிருந்தார்கள்.

வியாழக்கிழமை பிஸ்கட் தின்ற பிறகும் அளவு மிகவும் தாழ்ந்து போயிருந்தது. டாக்டர் வந்து மருந்தைக் குறைத்து எழுதினார். அட்டையை வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“நடுக்கம் வந்ததோ?”

“வந்துச்சு டாக்டர்.”

“இண்டைக்குத்தான் முதல் தரமோ?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“அப்ப ரெண்டு நாள் பார்ப்பம். சர்க்கரை குறையிறது நிக்காட்டி ஒப்பரேசன் செய்து பிள்ளையை எடுத்துவிடுவம்” என்றார். காலையும் மாலையும் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் துடிப்பு கேட்டது. வயிற்றில் வைக்கும் குழலை மிஸ்ஸி என் காதிலும் மாட்டிவிட, நானும் கேட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது வயிறு அமைதியாக இருந்தது. சாப்பிட்டால் எப்போதும் உதைப்பான். இடது பக்கம் திரும்பிப் படுத்தேன். தண்ணீர் குடித்தேன். வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். பிறகு மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். அவர் குழலை ஓரிடத்தில் வைத்தார், இன்னோரிடத்தில் வைத்தார். “ஜாங்கான் தாக்குட், ஆடிக் (பயப்படாதே, தங்கச்சி)” என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் பெற்றேன், முப்பத்தாறு வாரத்தில். ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. நகம் வளர்ந்திருந்தது. என் கணவர் அவனைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். லோரியின் கியரைத் தவிர வேறெதையும் இறுக்கிப் பிடிக்காத கைகள் அவருக்கு. அன்று அந்தத் துணியை அவர் பிடித்திருந்த விதத்தை என்னால் எழுத முடியவில்லை.

டாக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து சொன்னேன். பிஸ்கட்டையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நஞ்சுக்கொடி (கருப்பையில் பிள்ளைக்கு உணவும் மூச்சும் கொடுப்பது) இன்சுலினுக்கு எதிரா வேலை செய்யும். அதனாலதான் மாதம் ஏற ஏற மருந்து கூடத் தேவைப்படுறது. கடைசியில தேவை தானாக் குறைஞ்சால், சில நேரம் நஞ்சுக்கொடி களைச்சுப் போச்சு எண்டு அர்த்தம். எல்லா நேரமும் இல்லை.”

“நான் அன்னைக்கே சொல்லியிருந்தா?”

“மூண்டு நாள் முன்னுக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கும். பிள்ளை தப்பியிருக்குமோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் எண்டு உங்களுக்குச் சொல்ல மாட்டன்.”

அந்தப் பதிலுக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். அந்தப் பதிலோடுதான் இன்றுவரை படுத்தெழுகிறேன்.

மறுநாள் காலை ஊசித் தட்டு வரவில்லை. கையை நீட்டி வைத்திருந்தேன். “இனி ஊசி வேண்டாம்” என்று மிஸ்ஸி சொன்னார். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இன்சுலின் தேவையும் போய்விட்டது. எட்டு வாரம் தெளிந்த மருந்தும் கலங்கிய மருந்தும் மாறி மாறிப் போராடியது ஒரே நாளில் சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் பால் கட்டியது. மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். ஊசிக்குக்கூட அழாதவள் அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

ஹாஜிரா அக்காவுக்கு அடுத்த வாரம் பெண் பிள்ளை பிறந்தது. வீட்டுக்குப் போகும்போது என்னைத் தாண்டிப் போகாமல் பின்பக்கப் படிக்கட்டு வழியாகச் சுற்றிப் போனார். பிள்ளை அழும் சத்தம் படியிறங்கி மெல்ல மெல்லத் தேய்ந்தது. அவர் கட்டிலில் எனக்காக ஒரு புதுக் கைலி மடித்து வைத்திருந்தது.

கணவரிடம் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். “வீட்டுக்கு வரணும்னுதானே ஆசப்பட்ட. நான்தான் சுண்ணாம்பு அடிச்சிட்டேன்னு வேற சொல்லித் தொலச்சேன்” என்றார்.

ஆறு வாரம் கழித்துச் சோதித்தபோது என் இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. அட்டையில் குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்படியும் ஒருத்திக்கு நோய் குணமாகும்.

இதே நிலையில் இருக்கும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்த மருந்து உயர்த்தி என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குக் கலங்கிய மருந்து ஒத்துக்கொண்டது, உங்களுக்கு எது என்று டாக்டர் சொல்வார். ஆனால் உடம்பு நடுங்கினால் சொல்லுங்கள். நல்ல பெயர் கெட்டுப் போனாலும், வீட்டுக்குப் போவது தள்ளிப் போனாலும் சொல்லுங்கள்.

என் உடம்பை இப்போது என்னுடையது என்று என்னால் முழுதாக நினைக்க முடிவதில்லை. அது தனக்குத் தெரிந்ததை என்னிடம் சொன்னது. நான் பிஸ்கட்டைக் கொடுத்து அதன் வாயை அடைத்தேன். இன்றும் லேசாக வேர்த்தால் நின்றுவிடுகிறேன், அது என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டு.

மறுபடி கொட்டகை வேலைக்குப் போனேன். சில வருடம் போயிருக்கும். செரண்டா பக்கத் தோட்டத்திலிருந்து எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, காலையில் தன் கைக்குழந்தையோடு வந்தாள். விட்டுப் போகத் தயங்கினாள்.

“அக்கா, ஒங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?”

“ஒரு பையன்.”

“என்னா வயசு?”



“முப்பத்தாறு வாரம்” என்றேன்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். முகம் மலர்ந்தது. “எட்டு மாசம் தாண்டிருச்சா? அப்ப தவழுவானே!” என்று சொல்லி, தயக்கம் நீங்கித் தன் பிள்ளையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.