மாமா ஒற்றைக்காலில் குதித்த நாள்

சாராயம் குடித்தால் அது வயிறு நிரம்பி, கழுத்தில் ஏறி, கடைசியில் காதுக்குள் போய்த் தேங்கும் என்று பத்து வயதில் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள், ஆதாரம் இருந்தது.

ஹேவாஹெட்டையில் ஒரு கல்யாணச் சாப்பாடு. பந்தியில், சாராயம் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த மாமாவின் முதுகுக்குப் பின்னால் யாரோ சாம்பார் வாளியைக் கைநழுவ விட்டார்கள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாமா மட்டும் திரும்பவில்லை. பாயசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அவர்தான் எங்களைத் தெல்தோட்டைக்கு வேனில் திருப்பிக் கொண்டுபோக வேண்டியவர்.

எங்கள் மலை வளைவுகளில் வண்டி ஓட்டுவது பாதி காதால்தான். ஹோர்ன் அடிக்க வேண்டும், எதிரே பதில் ஹோர்ன் கேட்டால் ஒதுங்க வேண்டும்.

ஆற்றில் குளித்துக் காதில் தண்ணீர் போனால் தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் குதிப்போமே, அந்த வைத்தியம்தான் தோன்றியது. மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தேன்.

"ஒரு தடவ குதிங்க மாமா! காதுல இருக்குறது எறங்கிரும்!"

மாமா குதித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொஞ்சமும் தள்ளாடாமல். பெரியப்பா கைதட்டினார்.

"பாத்தீங்களா, வெறியில இருக்கிறவன் இப்படி நிப்பானா? ஏறுங்க, ஏறுங்க!"

"பஸ்ல போயிருவமே, அண்ணே," என்றாள் அம்மா, மாமாவிடம்.

"மகனுக்குத்தான் பயம்னா ஒனக்குமா?" என்று பெரியப்பா அவளை முன் சீட்டில் ஏற்றினார்.

அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். பேரப்பிள்ளை கண்ட பெரிய மனிதர்கள்! ஒரு பொடியனின் முட்டாள் வைத்தியத்தை டாக்டர் சர்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

வளைவு வந்ததும் மாமாவின் பழகிய கை தானாக ஹோர்ன் அடித்தது. அந்தப் பக்கமிருந்து தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி பதில் அடித்தது. பின் சீட்டில் தூங்கிய கைக்குழந்தைகூட விழித்துக்கொண்டது. நான் போட்ட கூச்சல் ஹோர்னைத் தோற்கடித்தது. மாமா நடுரோட்டிலேயே போனார்.

வேன் லொறியில் உரசி, இடப்பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் சாய்ந்தது.

"நான் ஹோர்ன் அடிச்சேனே!" என்றார் மாமா. "அடிச்சாரே!" என்று சாட்சி சொன்னார் பெரியப்பா. எல்லோரும் சேர்ந்து லொறிக்காரரை ஏசினார்கள். பிறகு கண்ணூறு என்றார்கள். குடி என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை.

காது அடைக்கவே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. "கேட்டுச்சுடா, கவனத்துலதான் ஏறல," என்று பல வருடம் கழித்து மாமாவே சொன்னார். ஒரு சத்தம் கேட்டதும் நம்மைக் கேட்காமலே தலையைத் திருப்பிவிடும் ஏதோ ஒன்று மூளையில் இருக்கிறது. மாமாவின் கால் உறுதியாக நின்றபோதே குடி அதைத் தூங்கவைத்துவிட்டது.

அம்மாவின் இடது கை உடைந்தது. அது பிறகு தோளுக்கு மேல் எழவே இல்லை.