சோடித் தகடு

கோமாங் ரஸ்மினிக்குக் கோபம் வந்தால் முதலில் காதுகள்தான் சிவக்கும். பாலித் தீவின் டென்பசார் இசைக் கல்லூரியின் கணினி அறையில் அவளோடு வேலை பார்ப்பவர்கள், அந்தக் காதுகளை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அன்று காலை ஊரிலிருந்து கடெக் கூப்பிட்டபோது அவை மிளகாய்ப்பழமாகிவிட்டன.

கடெக் அவளுடைய பஞ்சாரின், அதாவது ஊர்ச் சமூகத்தின், இளைஞர் குழுத் தலைவன். ஊர்ச் சபையில் அவன் குரல் இப்போது ஓங்கியிருக்கிறது. அவளை 'ம்போக்' என்று, அக்கா முறையில் கூப்பிடுவான்.

"ம்போக், நல்ல சேதி. நம்ம கமெலான் வாத்தியமெல்லாம் சுருதி சேராமக் கெடக்குல்ல? கொல்லரை வரவழைச்சாச்சு. எல்லாத் தகடையும் அரத்தால ராவி ஒண்ணாக்கப் போறோம்."

"சேரலன்னு எவன்டா சொன்னான்?"

"நீங்க செஞ்ச போன் ஆப்பே சொல்லுதே! அதுல எவ்வளவு சுத்தமா கேக்குது. நம்மளோடது நடுங்குது."

"நடுங்கத்தான்டா வேணும்! நான் வர்ற வரைக்கும் ஒருத்தன் கை வைக்கக் கூடாது."

"கூட்டத்துல முடிவாயிடுச்சு ம்போக். உங்க வீட்டுக்காரரும் கை தூக்கினாரு."

மடிக்கணினியைப் பையில் திணித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

வழி முழுக்க அவள் திட்டிக்கொண்டே போனது கல்லூரியில் தனக்கு மேலிருந்த துவிஜாவைத்தான். திட்டாமல் என்ன செய்வது? கமெலான், வெண்கலத் தகடுகளைச் சுத்தியலால் அடித்து வாசிக்கும் வாத்தியக் கூட்டு. அவர்கள் ஊர்க் கமெலானில் ஒவ்வொரு சுரத்துக்கும் சோடி உண்டு. ஒரு தகட்டைக் கொஞ்சம் தாழ்த்தியும் அதன் சோடியைக் கொஞ்சம் உயர்த்தியும் வைத்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்து அடித்தால் ஒலி அலை அலையாகத் துடிக்கும். அந்தத் துடிப்புக்காகத்தான் அவ்வளவு வெண்கலத்தையும் உருக்கி வார்த்தது. இரண்டையும் ஒன்றாக ராவிவிட்டால் மிஞ்சுவது வெறும் பாத்திரக் கடைச் சத்தம்.

அந்தத் துடிப்பைக் கேட்டுத்தான் பத்து வயதில் அவள் சபைக் கூடத்துக்குள் நுழைந்தாள். மரச்சுத்தியலைக் கையில் எடுத்ததுதான் தாமதம், அப்போது இளவட்டமாக இருந்த வயான் மெர்த்தா வந்து வெடுக்கென்று பிடுங்கினார். "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேலை? போ, போயி பூசைத்தட்டு பின்னு." அவள் போய்த் தென்னங்குருத்தில் தட்டு பின்னினாள். பின்னிக்கொண்டே அழுதாள். அழுகை அன்றோடு நின்றது. ஆத்திரம் நிற்கவில்லை.

சுரபாயாவில் மின்னணுவியல் படித்துவிட்டு வந்து, கல்லூரியின் கணினி அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கையில் ஒலிவாங்கி கிடைத்ததும் முதலில் பதிவு செய்தது தன் ஊர்க் கமெலானைத்தான். அதற்குள் வயான் மெர்த்தா, ஊரே 'பாக்' என்று மரியாதையாகக் கூப்பிடும் பஞ்சார் தலைவராகிவிட்டிருந்தார். "பதிவு பண்ணிக்க. தொடாம பண்ணிக்க" என்றார். எனவே அவளுடைய அண்ணன் தகடு தகடாக அடித்தான். அவள் தள்ளி உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். அந்த ஒலிகளையெல்லாம் வைத்து ஒரு செயலி செய்தாள். கூடத்திலிருந்து துரத்தப்படும் பெண் பிள்ளைகள் இரண்டு பேராக உட்கார்ந்து கைபேசியிலேயே வாசித்துப் பழகலாம், சொந்தமாக மெட்டும் கட்டலாம். தன்னைப் போல எவளும் தட்டு பின்னிக்கொண்டு அழ வேண்டாம் என்பதுதான் அவள் எண்ணம்.

அதன் தலையில்தான் துவிஜா மண்ணை அள்ளிப் போட்டார். அவர் திட்டத் தலைவர். திறப்பு விழா நெருங்கிய நேரத்தில், மலிவுக் கைபேசிகளுக்குச் செயலி கனமாக இருக்கிறது என்று, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒவ்வொரு சோடியிலும் ஒன்றை அழித்துவிட்டு, மற்றதையே இரண்டு இடத்திலும் ஒட்டிவிட்டார். அவள் கத்தினாள். "பு கோமாங், யாருக்கு வித்தியாசம் தெரியப் போகுது? விழா முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் சிரித்துக்கொண்டே, மரியாதைப் 'பு'வுக்குக் குறைவில்லாமல். விழா முடிந்து வருடங்களாயின. அந்த 'அப்புறம்' மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடமெங்கும் அந்த மொட்டைச் செயலிதான். கடெக்கின் வயதுப் பையன்களுக்குக் காது பழகியதே அதில்தான்.

கூடத்துக்குள் அவள் நுழைந்தபோது அரத்தின் கிறீச்சொலி கேட்டது. சட்டத்திலிருந்து கழற்றிய ஒரு தகட்டைக் கொல்லர் மடியில் வைத்து ராவிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!"

வயான் மெர்த்தா தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டார். "சபை முடிவு பண்ணினது கோமாங். உன் வீட்டுக்காரனே கை தூக்கினான்."

"அவர் கை சோத்துக்குத் தூக்கினா சரியாத் தூக்கும் பாக். சுருதிக்கு யார் தூக்கச் சொன்னது?"

சிலர் சிரித்தார்கள். அவளுடைய கணவன் தூணைப் பார்த்தான். அவள் மடிக்கணினியைத் திறந்து தன் பழைய பதிவை ஒலிக்கவிட்டாள். சோடியாக, துடிக்கத் துடிக்க. கூடம் கேட்டது. பிறகு கடெக், கேலியாக அல்ல, மெய்யாகவே புரியாமல் சொன்னான்:

"இதுலயும் ரெண்டும் சேரலையே ம்போக்."

இனி இவர்களிடம் எதைப் பேசி எதை விளங்கவைப்பது? துடிப்பை அறிந்த பெரியவர்கள் சின்னவர்களோடு எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். கொல்லர் ராவிய தகட்டை மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றக் கை நீட்டினார்.

ரஸ்மினி கைலியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். வரிசையாக வைத்திருந்த வாத்தியங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள்.

கமெலானுக்குள் தெய்வம் இருக்கிறது. கமெலானை யாரும் தாண்ட மாட்டார்கள். தவழும் குழந்தையைக்கூடத் தூக்கிச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். கொல்லரின் கையிலிருந்து அரம் விழுந்தது.

"அடிப்பாவி!" வயான் மெர்த்தா எழுந்துவிட்டார். "என்ன காரியம் பண்ணிட்டே!"

"தெரிஞ்சேதான் பண்ணினேன். தீட்டாயிடுச்சில்ல? பூசாரி வந்து கழிக்கிற வரைக்கும் இனி யாரும் இதைத் தொடக் கூடாது, அரமும் தொடக் கூடாது. இது உங்க சட்டம்தானே பாக்? என்னைத் தொடாதேன்னு சொன்ன சட்டம்தானே?"

தீட்டுக் கழிக்க நல்ல நாள் வரும் வரை ஊர் அவளைக் கரித்துக்கொட்டியது. பூசைச் செலவு அவள் தலையில் விழுந்தது. சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் தீர்ப்பானது. கணவன் அவளோடு பேச்சை நிறுத்தினான். அவளும் அவனிடம் போய்க் கெஞ்சவில்லை. கிடைத்த நாட்களில் செயலிக்குள் அழிந்துபோன பாதியைத் திரும்ப ஏற்றினாள். துவிஜாவிடம் கேட்கவில்லை. அவர் மட்டும் அவளைக் கேட்டா செய்தார்? முதல் ஆளாகக் கடெக்கைப் பிடித்தாள்.

"போன்ல இருக்கற படத்தையெல்லாம் அழி. இதை ஏத்து. உன் கூட்டாளியோட உக்காந்து தினம் வாசி. நான் பூசைக்குச் செலவு பண்றேன்ல, நீ காதைச் செலவு பண்ணு."

முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினான். பூசைக்கு முந்தின நாள் அவனாகவே வந்து நின்றான். "மொதல்ல தலைவலிதான் ம்போக் வந்துச்சு. இப்பப் பழசைப் போட்டா சப்புன்னு இருக்கு."

"சப்புன்னுதான்டா இருக்கும். இத்தனை வருஷமா உப்பில்லாமத் தின்னுருக்கீங்க."

பூசையன்று அவள் மண்டியிட்டு, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, வாத்தியங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். அவற்றிடம் மட்டும் மனதாரக் கேட்டாள். புனித நீர் தெளித்தார்கள். பையன்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். கூடம் முழுக்க அந்தத் துடிப்பு எழுந்தது. மெட்டு ஓர் இடத்துக்கு வந்ததும் சட்டென்று தட்டையாக விழுந்தது. கொல்லர் ராவிய தகடு. கடெக் கையை நிறுத்திவிட்டான்.

"இங்க செத்துப்போச்சு" என்றான்.

தகட்டின் அடிவயிற்றைச் சுரண்டினால் சுரம் இறங்கும் என்றார் கொல்லர். ஆனால் எவ்வளவு? பழைய சுரம் எது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. வயான் மெர்த்தா அவள் பக்கம் திரும்ப நேரம் பிடித்தது.

"கோமாங்... அந்தப் பழைய சத்தம் உங்கிட்ட இருக்கா?"

"இருக்கு. ஆனா அடிச்சுப் பாத்துச் சரின்னு சொல்றது நானாத்தான் இருக்கணும். சுத்தியலைக் குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் அடித்தாள், கணினியில் கேட்டாள், தலையாட்டினாள். கொல்லர் சுரண்டினார். மறுபடி அடித்தாள். கடைசியில் அலை திரும்பியபோது பின்வரிசைப் பெண்கள் "ஆ!" என்றார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. துவிஜா.

"பு கோமாங், புதுசா என்னத்தையோ ஏத்திட்டீங்களாமே? கனமா இருக்குன்னு பள்ளிக்கூடத்துல எல்லாம் புகார். இப்போதைக்குப் பழசையே போடுங்க, அப்புறம்..."

"ஒரு நிமிஷம் பாக்" என்று கைபேசியை வாத்தியத்தின் சட்டத்தின் மேல் வைத்தாள். "பாக் வயான், நீங்க அந்தச் சோடியை அடிங்க."

வயான் மெர்த்தா தயங்கினார். பிறகு குனிந்து எதிர் வாத்தியத்தில் அடித்தார். அதே நொடியில் அவளும் ஓங்கி அடித்தாள். துடிப்பு அடங்கும் வரை கைபேசியை அங்கேயே விட்டு, பிறகு எடுத்தாள்.

"நீங்க சொன்ன 'அப்புறம்' இதுதான்" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

சுத்தியலைத் திருப்பி வாங்க வயான் மெர்த்தா கையை நீட்டினார். அவள் காதுகளைப் பார்த்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டார்.