ஹெலிகாப்டர் எடுத்த தமிழ் வகுப்பு

எங்கள் பள்ளியில் தலைமையாசிரியையும் நானும் மட்டும்தான். உச்சிப்புளி கடற்படை விமானத் தளத்துக்குப் பக்கம் என்பதால் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே மூன்றாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலுக்கு ஓடிவிடும்.

சின்னப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நேற்று இதைச் சொல்லிப் புலம்பினேன். சாயல்குடிப் பக்கத்து டீச்சர் ஒருவர் உடனே கூப்பிட்டார்.

"பிள்ளைகள ஏன் டீச்சர் வெரட்டுறீக? நாளைக்கு அது வந்தா எனக்குப் போன் போடுங்க. எம்பிள்ளைக கிட்டத்துல பாத்ததே இல்ல. படம் வேணாம், உங்க பிள்ளைக வாயால சொல்லட்டும்."

இன்று சத்தம் கேட்டதும் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்த முனையில் சாயல்குடி டீச்சரின் வகுப்பு மூச்சுக் காட்டாமல் காத்திருந்தது.

பெயரைக் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்ளும் முத்துமாரி, என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"இந்தா வருது! வயிறு சாம்பக் கலரு. எங்க வேப்பமரம் தலைய விரிச்சுப் போட்டு ஆடுது!"

அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம்.

ஹெலிகாப்டர் போய்விட்டது. அவள் போனைத் தரவில்லை. "உங்க ஊருல என்ன பறக்கும்? நீங்க சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது ஒரே கவலை. நாளைக்கும் சரியாகத் தமிழ்ப் பாடவேளையில் ஹெலிகாப்டர் வர வேண்டும். யாரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.