அடைத்த வாய்க்கால்

எங்கள் ஊர் அரண்மனையைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் சுரங்கப்பாதைதான் வரும். திருமயம் கோட்டை வரை போகிறதாம். உள்ளே போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்; வரலாற்றில் எம்.ஏ. முடித்தவள். சுரங்கம் கிடையாது என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

இருப்பது வேறு. ஜமீன் குடும்பம் அரண்மனையைச் சுற்றிப் பெரிய தோட்டம் போட்டு, நடுவில் அல்லிக்குளமும் நீரூற்றும் வைத்தது. அதற்காகக் கண்மாயிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் எங்கள் ஆட்கள். கோடையில் கண்மாயில் கிடந்த கொஞ்சத் தண்ணீரும் அல்லிக்குப் போனது, வயல் காய்ந்தது. ஜமீன் ஒழிந்து அவர்கள் பட்டணம் போனார்கள். தேக்கு உத்தரங்கள் விலைபோயின, கூரை விழுந்தது, தோட்டத்தில் சீமைக்கருவேல் மண்டியது. ஊரார் தோட்டத்துக் கல் பெஞ்சுகளைப் பெயர்த்து வாய்க்கால் கண்மாயிலிருந்து பிரியும் தலைப்பை அடைத்து, தண்ணீரை வயலுக்குத் திருப்பினார்கள். எங்கள் முக்கால் ஏக்கர் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. நான் படித்தது அந்த நெல்லில்தான்.

போன வருஷம், தோட்டத்தைப் பழையபடியே மீட்கப்போவதாக ஓர் அரசாங்க இன்ஜினியர் வரைபடத்தோடு வந்தார். அதில் வாய்க்கால் நீலக்கோடாகக் கண்மாய் வரை ஓடியது. அதைத் திறந்தால் எங்கள் பாசனம் போச்சு. வயலின் கதையை அவரிடம் நான் எடுத்துச் சொல்வது என்று முந்தின நாளே கூடிப் பேசி வைத்திருந்தோம்.

என்னைப் பேச விட்டால்தானே. வெளியூர்க்காரரைக் கண்டதும் எல்லோருக்கும் ஊர்ப்பெருமை பொங்கிவிட்டது. ஒருவர் சுரங்கத்தைக் காட்டுகிறேன் என்று அவரை இழுத்துக்கொண்டு போனார். அது சமையல்கட்டுச் சாக்கடை. இன்னொருவர் ராணி குளத்தில் படகில் போன அழகை, கூடவே துடுப்புப் போட்டவர் மாதிரி விவரித்தார். இவர்கள்தான் போகட்டும் என்றால், என் அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

"ஊத்துத் தண்ணி பனை ஒசரம் போகும் சார். அங்கிட்டு ரோட்டுல நின்னாலே தெரியும்."

அவர் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன ஊற்று அது.

இன்ஜினியர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தார். ஊருக்கே இவ்வளவு ஆசை இருக்கிறதே, சீக்கிரம் குளத்துக்குத் தண்ணீர் விட்டுவிடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வாய்க்கால் தலைப்புக்கு வந்ததும், இதை யார் அடைத்தது என்று கேட்டார். மழையில் சரிந்த மண் என்றார் ஒருவர், கல்லைப் பெயர்த்த வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில். அடைப்பிலோ, பூ செதுக்கிய பெஞ்சுக் கால் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. தானாகச் சரிந்த மண் என்றால் தோண்டி எடுக்க யாரைக் கேட்க வேண்டும்? இதுகூடவா புரியாது?

"அப்பா, பனை ஒசரம் போனது நம்ம வயல் தண்ணிப்பா" என்றேன்.

அப்பா வயலைப் பார்த்தார். அப்புறம் இன்ஜினியரைப் பார்த்து நிமிர்ந்தே சொன்னார்: "நாங்கதான் சார் அடைச்சோம். எங்கய்யா கல்லுத் தூக்குனாரு. இதத் தெறந்தா நாங்க எத வச்சுக் கஞ்சி குடிக்கிறது?"

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "வரலாற்றுப்படி வாய்க்கால் திறந்துதானேம்மா இருந்துச்சு?"

"அடைச்சதும் வரலாறுதான் சார். நீங்க எழுதிக்கிட்ட சுரங்கத்துக்கு இல்லாத ஆதாரம் இதுக்கு இருக்கு."

அவர் குனிந்து அந்தப் பெஞ்சுக் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு வரைபடத்தைத் தொடைமேல் வைத்து நீலக்கோட்டை அடித்தார். குளத்துக்கு போர்வெல் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

அவர் வண்டி போனதும் டீக்கடையில் எல்லோரும் எங்கள்மேல் பாய்ந்தார்கள். கேஸ் வந்தால் அப்பனும் மகளும் போய் நில்லுங்கள் என்றார்கள்.

"நான் சொன்னது தப்பா, ஆத்தா?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"தப்பில்லப்பா. வந்தவொடனே சொல்லியிருக்கலாம்."

அவர் டீயை ஆற்றியபடி சொன்னார்: "வந்த மனுசங்கிட்ட எடுத்த எடுப்புலயா கொறையச் சொல்றது?"