பேச முடிகிற வேகம்

துறைமுகத்தில் அவரை ‘மேலிடம்’ என்பார்கள். கிரேன் ஓட்டுபவர். காலையில் இரும்பு ஏணியில் ஏறினால் மாலையில்தான் இறங்குவார். கீழேயிருந்து வயர்லெஸ்ஸில் ஏதாவது கேட்டால் “சரி” என்பார், இல்லாவிட்டால் “முடியாது” என்பார். இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டிவிட்டார். வீட்டில் அந்தச் செலவுகூட இல்லை. அங்கே “ம்” போதும்.

மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், காலடியிலும் கண்ணாடி. அதன் வழியே கப்பலும் பெட்டிகளும் மஞ்சள் ஹெல்மெட்டுகளும் தெரியும். ஹெல்மெட்டுகள் பேசுவது கேட்காது. இதைவிடக் கௌரவமான உத்தியோகம் உலகத்தில் இல்லை என்பது அவர் எண்ணம்.

அந்த வருடப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. கம்பெனி மருத்துவர், கண்டிப்பான அம்மாள், இன்னொரு தடவையும் பார்த்துவிட்டுக் கையில் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றினார்.

“மாத்திரை எழுதறேன். தினம் நடக்கவும் நடக்கணும். மூணு மாசம் கழிச்சும் இப்படியே இருந்தா மேல அனுப்பக் கையெழுத்துப் போட மாட்டேன். கீழ ஸ்டோர்ல உட்கார வேண்டியதுதான்.”

ஸ்டோரில் ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவருடைய மைத்துனன். தூங்கும்போது மட்டும் வாய் ஓய்கிறவன். விஷயம் தெரிந்து அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டான்.

“கவலையே படாதீங்க மாமா. என் எதிர் நாற்காலி காலியாத்தான் கிடக்கு. நாள் பூரா பேசிக்கிட்டே இருக்கலாம்.”

அவருக்குத் தலை சுற்றியது. காரணம் அழுத்தம் அல்ல.

மைத்துனன் முன்பொரு காலத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டியவன். ஆகவே நிபுணன். “நடையெல்லாம் ரிடையர் ஆனவங்களுக்கு. நீங்க ஓடுங்க. நாக்கு வெளிய தள்ளணும், அப்பத்தான் கொதிப்பு இறங்கும்” என்றான்.

அவர் ஓடினார். பேசாதவர்களுக்கு ஓட்டம் வசதி, யாரும் நிறுத்தி நலம் விசாரிக்க முடியாது. வீட்டுக்கு வந்த சூட்டோடு அழுத்தம் பார்க்கும் கருவியை மாட்டிக்கொள்வார். எண் ஏறியிருக்கும். ஓடியது போதவில்லை என்று மறுநாள் இன்னும் வேகமாக ஓடுவார். கடைசியில் ஒருநாள் பூங்காவில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். தோட்டக்காரர் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார். மனைவி அப்படியே மருத்துவரிடம் இழுத்துப்போனாள்.

“மழை நல்லதுன்னா வெள்ளத்தையா கூப்பிடுவாங்க?” என்றார் மருத்துவர். “ஓடி முடிச்ச கையோட பார்த்தா யாருக்கும் ஏறித்தான் இருக்கும். உங்களுக்கு நடுத்தர வேகம் போதும்.”

“நடுத்தரம்னா?”

“நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. பாட முடிஞ்சா அது சோம்பேறி நடை. பேசவே முடியலைன்னா வேகம் ஜாஸ்தி.”

அவர் யோசித்தார். “நான் நின்னுக்கிட்டிருந்தாலே பேச மாட்டேனே.”

“இவர் பேசுவார் டாக்டர்,” என்றாள் மனைவி. “நான் கூடப் போறேன்.”

முதல் நாள் அவள்தான் பேசினாள். சமையலறைக் குழாய் ஒழுகுவதில் ஆரம்பித்து, கல்யாணமான புதிதில் அவர் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்விவரை வந்தாள். அவர் “ம்” போட்டார்.

“ம்மெல்லாம் செல்லாது. முழுசா ஏதாவது சொல்லுங்க. வேகம் சரியான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பாதிப் பூங்கா தாண்டியதும் அவர் வாயைத் திறந்தார். “அந்த மரத்துல இலை இருக்கு.”

“கண்டுபிடிச்சிட்டாரு!”

துருப்பிடித்த குழாயில் முதலில் செந்தண்ணீர் வரும், பிறகு தெளியும். அவருக்கும் தெளிந்தது. மேலிருந்து பார்த்ததையெல்லாம் சொன்னார். கப்பல் தளத்தில் கைலி காயப்போடும் மாலுமியை, மேலாளர் வரும்போது மட்டும் ஓடுகிற கண்காணிப்பாளரை. மனைவி சிரித்தாள். அந்தத் தைரியத்தில் ஒருநாள் எல்லை மீறினார்.

“உன் தம்பி மத்தியானம் பெட்டிங்க நடுவுல அட்டை விரிச்சுத் தூங்குவான். எனக்குக் காலு மட்டும் தெரியும்.”

மனைவி வேகமெடுத்தாள். “ஊரே தூங்கினாலும் எங்க வீட்டு ஆளுங்க காலுதான் உங்க கண்ணுல படும்!”

அவர் பின்னால் ஓடினார். பதில் கையில் இருந்தது, மூச்சு இல்லை. “நில்லு... டாக்டர் சொன்ன... வேகத்துல சண்டை போடு.”

அதிலிருந்து அவர்கள் சண்டை நடுத்தர வேகத்தில் நடந்தது. கத்த மூச்சுப் போதாது. நிறுத்தவும் முடியாது, பாதை மீதியிருக்கும். வீட்டுக் கருவியில் எண்கள் மெல்ல இறங்கின. தான் ஓடச்சொன்னதால்தான் என்றான் மைத்துனன். தான் உப்பைக் குறைத்ததால்தான் என்றாள் மனைவி. மாத்திரைக்கு வாயில்லை.

பரிசோதனை நாள். மருத்துவர் பட்டையைச் சுற்றினார். இவர் பேச ஆரம்பித்தார். “போன தடவை பட்டை இறுக்கமா இருந்துச்சு டாக்டர். இந்த ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டா காத்து வரும். மேலேர்ந்து பார்த்தா உங்க கூரையில ஒரு ஓடு உடைஞ்சிருக்கு, தெரியுமா?”

எண் எகிறியிருந்தது.

“பேசிக்கிட்டிருந்தா ஏறும். கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க,” என்றார் மருத்துவர். “இன்னொரு தடவைதான் பார்ப்பேன்.”

பேசாமலிருப்பது அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. இப்போது வரவில்லை. உடைந்த அந்தக் கூரை ஓட்டை எப்படி மாற்றலாம் என்று நாக்கு நுனியில் யோசனை நின்றது. ஸ்டோரின் காலி நாற்காலியை நினைத்தார். அதன் எதிரே அசைகிற வாயை நினைத்தார். பல்லைக் கடித்தார். “பல்லையும் கடிக்காதீங்க,” என்றார் மருத்துவர். விட்டார். பட்டை உப்பியது, தளர்ந்தது. மருத்துவர் எண்ணைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

“அப்ப நடையை நிறுத்திடலாமா?”

“நிறுத்தினா திரும்ப ஏறும்.”

“எத்தனை நாளைக்கு டாக்டர்?”

“ஆயுசுக்கும்.”

வெளியே மனைவி காத்திருந்தாள். “என்ன சொன்னாங்க?”

“மேல போகலாம்னுட்டாங்க. நடை இன்னும் ஒரு வாரம் போதுமாம்.”

“என்கிட்ட ஆயுசுக்கும்னு நேத்தே போன்ல சொல்லிட்டாங்களே,” என்றாள். “நல்லதாப் போச்சு. உங்க தங்கச்சி கல்யாணத்துல என்னைக் கடைசி வரிசையில உட்கார வச்சதைப் பத்தி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.”